பெயின்ட் அடிக்க வந்தவர்கள்

அந்த வெள்ளை வேனின் இரண்டு பக்கமும் 'பெயின்ட் வேலை சிறப்பாகச் செய்து தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அது பச்சைப் பொய். வேனின் சொந்தக்காரி தன் வாழ்நாளில் ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூடப் பெயின்ட் அடித்ததில்லை. அவள் தொழில் வீடு சுத்தம் செய்வது. பெருக்கித் துடைக்கிற சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் இறந்து நாலு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்த அறை, எலி செத்துப் புழு வைத்த சமையலறை, சாமான் சேர்த்துச் சேர்த்துக் கட்டில் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோன வீடு, இவற்றை மறுபடி மனிதர் குடியிருக்கும் இடமாக்குவதுதான் வேலை. இதை வேனில் எழுதிக்கொண்டு ஒரு வாசலில் போய் நின்றால், அந்த வீட்டுக்காரர் மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியுமா? அதனால்தான் பெயின்ட். குப்பைப் பைகள்கூட அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டுதான் படி இறங்கும்.

அவளை எல்லாரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் வேலை பார்த்த இருவரும் அவள் புருஷனின் தம்பியும் தங்கையும்தான். அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வேலை கொடுக்கிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனார் வேன் ஓட்டுவாள். அவள் வாய் வேனைவிட வேகமாக ஓடும். கொழுந்தன் மூட்டை தூக்குவான். தூக்கும்போது விசிலடிப்பான், வைக்கும்போதும் விசிலடிப்பான்.

அந்தச் சனிக்கிழமை, மூன்றாவது மாடி வீட்டில் அவர்களுக்கு மூன்றாவது நாள். வீடு ஒரு தலைமை நர்ஸுடையது. அந்தக் கட்டடத்தில் சிஸ்டர் என்றால் அப்படியொரு மரியாதை. யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் அவர்தான் ஓடி வருவார். அவர் வார்டில் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம் என்பார்கள். அதே சிஸ்டரின் வீட்டுக்குள் பதினோரு வருஷமாக ஒரு ஈ காக்கை நுழைந்ததில்லை. கணவர் இறந்த பிறகு சேர ஆரம்பித்தது, சேர்ந்துகொண்டே போனது. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகளைக்கூட ஆஸ்பத்திரி கேன்டீனில் வைத்தே பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். "வீட்டுல ரிப்பேர் நடக்குது கண்ணு" என்பார். பதினோரு வருஷம் நடக்கிற ரிப்பேர் உலகத்தில் எங்கே இருக்கிறது? மகள் போன வாரம் போனில் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேம்மா. கேன்டீனுக்கு இல்ல, வீட்டுக்கு. நீ கதவைத் திறக்கலன்னா இனிமே நான் வரவே மாட்டேன்."

அன்றிரவே சிஸ்டர் அண்ணிக்குப் போன் செய்தார்.

முதல் இரண்டு நாள் ஜோராகப் போனது. சமையலறையும் குளியலறையும் கிருமிகளின் ராஜ்ஜியம். கிருமி என்று சொன்ன மாத்திரத்தில் சிஸ்டரே கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாலு வருஷமாகத் திறக்காத பிரிட்ஜைத் திறந்தபோது நாத்தனார் முகக்கவசத்துக்குள்ளேயே ஓங்கரித்தாள், சிஸ்டர் அசையவில்லை. "மூச்சை வாயால விடும்மா, பழகிடும்" என்றார். குப்பை மூட்டை மூட்டையாக வெளியேற, சமையலறையின் பின்கதவு அகப்பட்டது. அங்கே ஒரு கதவும் அதற்கு வெளியே பின்படிக்கட்டும் இருப்பதே சிஸ்டருக்கு மறந்துபோயிருந்தது.

ஹாலுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

"இந்தப் பெட்டி சிஸ்டர்?"

"இருக்கட்டும்."

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

"நல்ல பெட்டி. எதுக்காவது ஆகும்."

"இந்தக் குடை? கம்பி மட்டும்தான் இருக்கு."

"துணி போட்டுக்கலாம்."

பழைய பேப்பர், பிளாஸ்டிக் டப்பா, காலி டானிக் பாட்டில், பத்து வருஷக் காலண்டர், எதைத் தொட்டாலும் இருக்கட்டும். மணி பதினொன்றாகியும் ஹாலைவிட்டு ஒரு பெட்டிகூட நகரவில்லை. நாத்தனார் அண்ணியின் காதைக் கடித்தாள்.

"அவங்களைக் கீழ டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. ஒரு மணி நேரம் போதும். நானும் இவனும் மொத்தத்தையும் இறக்கிடறோம்."

"வாயை மூடு."

"ஆறு மணிக்குப் பொண்ணு வந்து நிக்கப் போகுது!"

"தெரியும். வாயை மூடு."

வீட்டுக்காரர் தலையசைக்காமல் ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக்கூடாது. அண்ணியின் தொழிலில் இருந்த ஒரே சட்டம் அது. ஆரம்பத்தில் ஒருமுறை, ஒரு கிழவரிடம் கேட்காமல் ஒரு கட்டு அறுந்த செருப்பை வீசிவிட்டாள். மனிதர் அழவில்லை, திட்டவில்லை. ஆறே மாதத்தில் வீட்டைப் பழையபடி நிரப்பிவிட்டார். அப்புறம் எவ்வளவு தட்டியும் கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணி கேட்காமல் எதையும் தொடுவதில்லை. இருந்தாலும் கடிகார முள் நகர நகர அவளுக்கும் கைகால் ஓடவில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. அண்ணி பாதுகாப்பு உடுப்பை அவசரமாக உருவிப் போட்டுவிட்டு, ஒருக்களித்து வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். கீழ் வீட்டுக்காரர். கட்டடத்தில் ஒரு பல்பு மாறினாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"மூணு நாளாச்சும்மா. ஒரு சொட்டு பெயின்ட் வாசனை வரலையே?"

"இது வாசனை வராத பெயின்ட் சார்."

"அப்படியா! டின்னைக் காட்டுங்க, நானும் பேரைக் குறிச்சுக்கறேன்."

"டின்னு... தம்பி வாங்கப் போயிருக்கான்."

சொல்லி வாய் மூடவில்லை, கொழுந்தன் வெறுங்கையை வீசிக்கொண்டு விசிலடித்தபடி படியேறி வந்தான். செயலாளர் அவனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"மூணு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் டின்னு வாங்கறீங்களா? என்ன கலர்?"

அண்ணிக்கு உலகத்தில் உள்ள ஒரு நிறமும் வாய்க்கு வரவில்லை. சிஸ்டரின் மானம் கப்பலேறப் போகிறது, அதுவும் தன்னால், என்று நினைத்தபோது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது.

"இளமஞ்சள்! கண்ணைக் குத்தாத மஞ்சள். வெளிக்கதவுக்கு மட்டும் காப்பிக்கொட்டை கலரு!"

அண்ணிக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு காலி டப்பாவைக்கூட வேண்டாம் என்று சொல்ல முடியாத பெண்பிள்ளை, யோசிக்காமல் இரண்டு நிறத்தை முடிவு செய்துவிட்டாரே! கொழுந்தனைக் கடைக்கு விரட்டிவிட்டு உள்ளே ஓடினாள். சிஸ்டர் ஹாலின் நடுவே, இரண்டு குவியலுக்கு இடையிலிருந்த ஒற்றையடிப் பாதையில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"அவரு விடமாட்டாரும்மா. அடிச்சுத்தான் ஆகணும்."

"எந்தச் சுவரு சிஸ்டர்?"

"கதவைத் திறந்தா நேரா கண்ணுல படுமே, அந்தச் சுவரு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். விட்டம் வரை பேப்பர் கட்டும் பெட்டியும்தான் இருந்தன. இந்த மாதிரி நேரத்தில் பேசக்கூடாது என்பதை அண்ணி அடிபட்டுக் கற்றிருந்தாள். வாயைத் திறக்கத் துடித்த நாத்தனாரின் காலை மிதித்தாள்.

"சுவரையே காணோமே" என்றார் சிஸ்டர், தனக்குத்தானே. அப்புறம் ஒரு பேப்பர் கட்டைத் தொட்டார். "இதை எடும்மா."

"எடுத்து எங்க வைக்க?"

சிஸ்டர் சுற்றிலும் பார்த்தார். வைக்க இடமில்லை. தொண்டையைச் செருமினார்.

"கீழ கொண்டு போயிடுங்க."

அவ்வளவுதான்! அடைத்திருந்த குழாய் பிய்த்துக்கொண்டு ஊற்றியது போல ஆயிற்று. "அதுவும் போகட்டும். அந்தப் பெட்டியும். குடையா? தூக்கிப் போடு! நீ என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கற, அந்தப் பக்கம் பிடி!" வார்டில் ரவுண்ட்ஸ் வரும் தலைமை நர்ஸின் குரல் அது. நாத்தனாரே மிரண்டு போய் "சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்" என்று ஓடினாள். ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பு வாங்கியே எடுத்தார்கள். சிஸ்டரின் தலை நிற்கவே இல்லை. டானிக் பாட்டில்கள் மட்டும் இருக்கட்டும் என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணி அவற்றை ஓரமாக அடுக்கினாள். பெட்டிகள் பின்படிக்கட்டு வழியாக இறங்கின. இருபது, முப்பது, அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போனது. அண்ணிக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. ஆனால் வலி யாருக்குத் தெரிந்தது? நெஞ்சு திருவிழா ராட்டினமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் இந்த நாற்றம் பிடித்த தொழிலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

வெளியே இன்னொரு கூத்து நடந்தது. பெயின்ட்டோடு வந்த கொழுந்தன், மஞ்சள் டின்னையும் ரோலரையும் பின்படி வழியாக உள்ளே கொடுத்துவிட்டு, செயலாளரைத் திசைதிருப்ப வாசல் கதவை அடிக்க ஆரம்பித்தான். அவன் பிரஷ் பிடித்த லட்சணத்தைப் பார்த்துச் செயலாளருக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிட்டது.

"கையா அது, கரண்டியா? மேலேருந்து கீழ ஒரே இழுப்பா இழுக்கணும். கொடு இப்படி!"

பிரஷைப் பிடுங்கிக்கொண்டு அவரே அடிக்கத் தொடங்கிவிட்டார். கதவைத் திறந்தால் பெயின்ட் கெட்டுவிடும் என்று கறாராக வேறு சொல்லிவிட்டார். உள்ளே யாரும் நுழைந்துவிடாமல் அவரே காவலுக்கு நின்றது போலாயிற்று. நாத்தனார் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் நழுவி விழுந்தது.

இரண்டரை மணிக்குச் சுவர் தெரிந்தது. பதினோரு வருஷம் வெளிச்சம் படாத சுவர். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிஸ்டரே ரோலரை எடுத்து முதல் இழுப்பை இழுத்தார். திட்டுத் திட்டாகத்தான் வந்தது. யாருக்கும் அடிக்கத் தெரியாதே! ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தான். மூன்று பெண்களும் அதைப் பார்த்துக் குழந்தைகள் மாதிரி கைதட்டினார்கள்.

மூன்றே முக்காலுக்கு, சுவரில் பாதி முடிந்திருந்தபோது, வாசலுக்கு வெளியே ஒரு பெண்குரல் கேட்டது.

"சிஸ்டர் உள்ள இருக்காங்களா? நான் அவங்க பொண்ணு."

"அடடே, நீயாம்மா!" செயலாளரின் குரல். "கதவைத் தொடாத, ஈரம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறாங்க."

உள்ளே சிஸ்டரின் கையிலிருந்த ரோலர் நின்றது. ஆறு மணி என்றவள் இரண்டேகால் மணி நேரம் முன்னதாக வந்துவிட்டாள். ஹாலின் மறுபாதி இடுப்பளவு குவியலாகக் கிடந்தது. படுக்கையறைக் கதவை இன்னும் திறக்கக்கூட இல்லை. சிஸ்டர் பேயறைந்த மாதிரி நின்றார். அப்புறம் ரோலரைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பழகிய கை. பின்படி வழியாக இறங்கி முன்பக்கம் வந்து, மகளை அப்படியே கேன்டீனுக்குக் கூட்டிப்போகிற வேலை அது. அண்ணிக்கு நெஞ்சு பொசுக்கென்று அடங்கிப்போனது. இத்தனை பாடும் இதற்குத்தானா? அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் முடிவு சிஸ்டருடையது; அதில் அவள் கைவைக்க மாட்டாள்.

"சிஸ்டர், பெயின்ட் ஈரம்னு நானே சொல்லிக் கீழ உட்கார வைக்கட்டுமா? ஆறு மணிக்குள்ள இந்தப் பக்கத்தையும் முடிச்சிடலாம்" என்றாள் மெல்ல. "எது வேணும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே செய்யறேன்."

சிஸ்டர் மஞ்சள் பாதியைப் பார்த்தார். குவியல் பாதியைப் பார்த்தார். கைப்பையைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தார். நேரே போய் வாசல் கதவைப் பிடித்து உள்பக்கம் இழுத்தார்.

"அய்யோ, பெயின்ட்!" என்று செயலாளர் கத்தினார். பிரஷ் காற்றிலேயே நின்றது. அவர் கண் சிஸ்டரின் தோளுக்கு மேலாக உள்ளே போய், குவியலில் முட்டிக்கொண்டு நின்றது. மகள் அம்மாவை மட்டும் பார்த்தாள்.

"இவங்க பெயின்ட் அடிக்கறவங்க இல்ல" என்றார் சிஸ்டர். மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி, ஊசி போடும்போது பேசுகிற நிதானக் குரலில் சொன்னார். "குப்பை அள்ள வந்தவங்க. என் குப்பை. அப்பா போனதுலேருந்து சேர்ந்தது. என்னால தனியா முடியல, நான்தான் கூப்பிட்டேன். பாதிதான் ஆகியிருக்கு. பெட்ரூம் இதைவிட மோசம்."

செயலாளரின் பிரஷிலிருந்து ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"கதவு ரெண்டாவது கோட்டுல பாதியில நிக்குது சிஸ்டர். முடிச்சுட்டுப் போகட்டுமா?"

"முடிங்க" என்றார் சிஸ்டர்.

அண்ணிக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் பையைக் கீழே வைத்தாள். உதடு கோணிக்கொண்டு அழுகை வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். வாசல்படியில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

"கழட்டாத கண்ணு" என்றார் சிஸ்டர் அவசரமாக. "என் சர்க்கரை ஊசி எங்கயாவது கீழ கிடக்கும். அப்படியே போட்டுக்கிட்டே உள்ள வா."

மகள் செருப்புக் காலோடு வீட்டுக்குள் வந்தாள்.