மூன்று அடி முன்னே

ஆம்பூருக்குக் கடல் கிடையாது. ரயிலேறி மூன்று மணி நேரம் போனால்தான் அலையைக் கண்ணால் பார்க்க முடியும். அப்படியிருக்க, ஊரை ஒட்டிய ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குள் கடலைக் கொண்டுவந்துவிடுவது என்று கிளம்பினாள் அறிவியல் ஆசிரியை பூர்ணிமா.

எல்லாம் சென்னையில் நடந்த பயிற்சியின் வேலை. கடலையும் காலநிலையையும் பற்றி ஆசிரியர்களுக்கு வகுப்பு. ஏசி அரங்கம், கழுத்தில் அட்டை, இடைவேளைக்குச் சமோசா. மற்ற பயிற்சிகளில் பின்வரிசை பிடித்துச் செல்போனை நோண்டுகிற கூட்டம்கூட இதில் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாம் கிளப்புகிற சூட்டில் பெரும்பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது என்று கேட்டதும் பூர்ணிமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் ஆர்வத்தில் ஒரு குறையும் இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

பயிற்சியில் கொடுத்த பைக்குள் வரைபடங்கள், ஒரு வெப்பமானி, ஒரு கட்டு அட்டைகள். அட்டைகளை வைத்து ஒரு விளையாட்டு. தரையில் நீலத் துணியை விரித்தால் அதுதான் கடல். பிள்ளைகள் எதிர்ச்சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வோர் அட்டையாகப் படிக்கப் படிக்க, அது யார் வீட்டுக்குப் பொருந்துகிறதோ அவர்கள் கடலை நோக்கி நடக்க வேண்டும். கார் இருந்தால் ஓரடி. ஏசி இருந்தால் ஓரடி. விமானத்தில் போயிருந்தால் மூன்றடி. கடைசியில் யார் கடலை மிதித்துக்கொண்டு நிற்கிறாரோ, அவர் வீட்டால்தான் கடலுக்குச் சேதம் ஜாஸ்தி. ஆசிரியரும் பிள்ளைகளோடு நின்று ஆட வேண்டும் என்பது விதி.

பூர்ணிமா யோசித்தாள். இந்தப் பிள்ளைகள் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்படியே ஆடினால் ஒருத்தரும் கடல்வரை போய்ச் சேரப் போவதில்லை. அதுவும் பயிற்சியை நடத்திய அலுவலர் ஹரிஹரன் வகுப்பைப் பார்க்க வருகிற நாளில்! அவருக்குப் பிடித்துவிட்டால் அவளுடைய பாடம், பெயரும் படமுமாக, மாநிலம் முழுக்க ஆசிரியர்களுக்குப் போகிற கையேட்டில் இடம்பெறும். அந்த ஆசை அவளைத் தூங்கவிடவில்லை. உள்ளூருக்கு ஏற்றாற்போல் இருக்கட்டும் என்று தானே ஓர் அட்டை எழுதிச் சேர்த்தாள்: ‘வீட்டில் யாராவது தோல் ஷாப்பில் வேலை செய்தாலும், முன்பு செய்திருந்தாலும் மூன்று அடி முன்னே.’

தோல் ஷாப் என்று ஊரார் சொல்லும் ஆலைகளில் தோல் பதனிடுகிற தண்ணீர் பாலாற்றுக்குப் போகிறது, பாலாறு கடலுக்குப் போகிறது, கணக்கு சரிதானே என்பது அவள் நினைப்பு. ஷாப் முதலாளிக்கென்று ஓர் அட்டை எழுத அவளுக்குத் தோன்றவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளை இந்தப் பள்ளிக்கு எங்கே வரப்போகிறது?

இத்தனைக்கும் அவளே தோல் ஷாப் வீட்டுப் பெண். அப்பா பெருமாள் ஆயுசு பூராவும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் பச்சைத் தோலைப் புரட்டியவர். அந்தச் சம்பளத்தில்தான் அவள் பி.எட். வரை படித்தாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில சூப்பர்வைசர்’ என்று ஆசிரியர் அறையில் அளந்துவிட்டாள்; அது பிள்ளைகள் காதுவரை போயிருந்தது. படிக்கிற காலத்தில் கூட இருந்த பெண்கள் அவள் பையை முகர்ந்துவிட்டுத் தோல் நாற்றம் என்று சிரித்தது அவளுக்குள் ஆறவே இல்லை.

அந்தப் பள்ளியில் உண்மை தெரிந்தவள் ஒருத்திதான், ஒன்பதாம் வகுப்பு கவிப்ரியா. அவள் அப்பா கோவிந்தசாமி பெருமாளோடு ஒரே தொட்டியில் நின்றவர், இன்னும் அங்கேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோஸ்தைப் பார்க்க வருவார். ஒருமுறை மகளையும் அழைத்து வந்தார். பூர்ணிமா அந்தப் பெண்ணைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கை நிறைய பிஸ்கட் கொடுத்து, “ஸ்கூல்ல இதெல்லாம் பேசிக்காத, இன்னா?” என்றாள். கவிப்ரியா தலையாட்டினாள்.

ஹரிஹரன் வந்தார். தவ்ஃபீக் பாய் பிரியாணிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய நீலத் தார்ப்பாய்தான் கடல். கடலில் பிரியாணி வாசனை அடிக்கிறது என்று பிள்ளைகள் சிரிக்க, அவரும் சிரித்தார். பூர்ணிமா வரிசையில் நின்றபடியே அட்டைகளைப் படித்தாள். வண்டி இருக்கிற வீடு ஓரடி. பாலிதீன் கவரை எரிக்கிற வீடு ஓரடி. வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்தது. பிறகு அவள் எழுதிய அட்டை வந்தது.

தோல் ஷாப் வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பில் ஆறேழு பேராவது உண்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. கவிப்ரியா மட்டும் நடந்தாள். மூன்றாவது அடியில் அவள் கால் தார்ப்பாயின் மேல் இருந்தது. பின்னாலிருந்து யாரோ மூக்கைப் பொத்திக் காட்ட, வகுப்பே கொல்லென்று சிரித்தது.

பூர்ணிமாவும் மூன்றடி நடந்திருக்க வேண்டும். விதி தெரியும். அட்டையை எழுதியதே அவள்தான். போ, போ என்று மனசு அடித்துக்கொண்டது. கால் எழவில்லை. அடுத்த அட்டையை எடுத்துப் படித்தாள்.

“பிரமாதம் மேடம்!” என்றார் ஹரிஹரன். “அந்தத் தோல் ஷாப் கார்டு இருக்கே, அதான் ஹைலைட். எங்களுக்கே தோணல.” பிறகு கவிப்ரியாவிடம் குனிந்தார். “வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொல்லுவியாம்மா, கடலுக்கு என்ன ஆகுதுன்னு?”

பதிலுக்குக் காத்திராமல் பூர்ணிமா பக்கம் திரும்பினார்.

“டீச்சர் ரெண்டே அடியில நின்னுட்டாங்களே. ஏன் மேடம், உங்க வீட்ல யாரும் தோல் வேலை இல்லையா?” அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பூர்ணிமா கையிலிருந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். அதற்குள் கவிப்ரியா பதில் சொல்லிவிட்டாள்.

“இல்ல சார். எங்க டீச்சரோட அப்பா சூப்பர்வைசர் சார்.”

தார்ப்பாயின் மேல் நின்றபடியே, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். பூர்ணிமாவுக்கு முகம் எரிந்தது. தான் காட்டிக்கொடுத்த பிள்ளை தன்னைக் காப்பாற்றுகிறது. அந்தக் காப்பாற்றலை அவள் வாங்கிக்கொண்டாள். ஹரிஹரன் படம் எடுத்தபோது சிரிக்கவும் செய்தாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தபடியே சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பெருமாள் ஆசையாகக் கேட்டார். “கடல் பாடம் நல்லா போச்சாம்மா? அந்த ஆபீசர் வந்தாரா?”

“வந்தார்பா. நல்லா போச்சு.”

“நம்ம தோல் ஷாப்பு தண்ணியப் பத்தி சொன்னியா? சொல்லணும்மா. எங்க காலத்துல அப்டியே ஆத்துல தொறந்து உட்டுடுவாங்க. வாணாம்னு சொல்ல எங்களுக்கு ஏது வாயி?”

“சொன்னேம்பா.”

“இன்னா சொன்ன?”

அவள் டம்ளரைக் கழுவப் போவதுபோல் சமையலறைக்குப் போய்விட்டாள். சுண்ணாம்பு அரித்து நகம் சிறுத்துப்போன அப்பாவின் விரல்களைப் பார்க்கிற யோக்கியதை தனக்கில்லை என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எங்களுக்கு ஏது வாய் என்கிறார். வாய் இருக்கிற நீ என்ன செய்தாய் பூர்ணிமா?

மறுநாள் தார்ப்பாய் கடைக்குப் போய்விட்டது. வகுப்பில் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு கிழித்தாள். அந்தப் பக்கம் கடல் என்றாள்.

“நேத்து நான் விளையாட்டுல ஏமாத்திட்டேன். எங்கப்பா சூப்பர்வைசர் இல்ல. தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில வேலை செஞ்சவரு. கவிப்ரியா அப்பாவும் அவரும் ஒண்ணா நின்னவங்க. அந்தக் கார்டை நான் எழுதினதே தப்பு. தண்ணியை ஆத்துல உடச் சொன்னவங்க வேற, தொட்டியில நின்னவங்க வேற.”

பூர்ணிமா நடந்தாள். மூன்றடி. கோட்டைத் தாண்டி நின்றாள். பிறகு ஒரு பையன் எழுந்து வந்தான். அவன் பின்னால் இரண்டு பெண்கள். நேற்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சரிசெய்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

கவிப்ரியா தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நீயும் வாம்மா கவி,” என்று பூர்ணிமா கை நீட்டினாள்.

கவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

“நா நேத்தே நின்னுட்டேன் டீச்சர்.”