பாட்டுக்கு ஓர் எருமை

என் புருஷன் பிரிமுஸுக்குக் கருத்துச் சொல்ல உலகத்தில் இரண்டே விஷயங்கள். ஒன்று பாட்டு, இன்னொன்று மலேசியாவில் எங்கள் சபா மாநிலத்து அரசியல். கூரை ஒழுகினாலும் சரி, மகனுக்குப் பெண் பார்த்தாலும் சரி, "நீ பாத்துக்கோ மலிட்டா" என்று என் தலையில் கட்டிவிடுவார்.

சந்தைத் திடலுக்கு எதிரே எங்கள் காப்பிக்கடை. காலையில் கடை திறந்ததும் அவர் ஒலிநாடாவைப் போடுவார். எமிலின் டோபின் பாட ஆரம்பிப்பாள். அவளுக்குப் பிறகு வந்த பாடகர்கள் அத்தனை பேரும் தொண்டையில் மீன்முள் சிக்கியவர்கள் என்பது அவருடைய தீர்மானம். கோங் மணிகளைக் கையால் அடிக்காமல் இயந்திரத்தில் தட்டி எடுக்கிறவனை ஊரைவிட்டுத் தள்ளிவைக்க வேண்டும். "வேற பாட்டு போடுங்கண்ணே" என்று எவனாவது வாய் திறந்தால் அவன் காப்பியில் சர்க்கரை இருக்காது.

அரசியலில் அவருக்கு ஒரே சொல்தான்: தவளை. ஒரு சின்னத்தில் ஜெயித்து, வெற்றி ஊர்வலத்தின் தூசி அடங்குவதற்குள் இன்னொரு கட்சிக்குத் தாவும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பத்திரிகையில் அப்படி ஒருவன் படத்தைப் பார்த்தால் இவர் "க்ரோக், க்ரோக்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் மாநில அமைச்சர்களுக்காக ஜெபித்தபோதுகூட எங்கள் பெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நான் கிள்ளிய தழும்பு இன்னும் அவர் தொடையில் இருக்கும்.

இந்த இரண்டு கருத்துகளும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு மூட்டிக்கொண்டு சண்டையில்லாமல் வாழ்ந்தன. அந்தத் தேர்தல் வரும்வரை.

சேதியைக் கொண்டுவந்தவர் சிபின். எங்கள் மகன் ஜெஃப்ரினுக்குப் பேசி முடித்த பெண் லோவினின் அப்பா. அறுவடைத் திருநாள் கழிந்ததும் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுச் சீராக, பெண் வீட்டுக்கு நாங்கள் ஓர் எருமை தருவதாகப் பேச்சு. அந்த எருமை நான் விடியலில் எழுந்து வாழைப்பழப் பணியாரம் சுட்டு விற்று வாங்கியது. சிபின் வந்து பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, "இது என் மருமகன் எருமை" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"சம்பந்தி, கேட்டீங்களா? நம்ம தொகுதியில உங்க எமிலின் நிக்குதாம் பா. கிண்ணக் கட்சி" என்றார் சிபின்.

என் புருஷன் கையிலிருந்த வடிகட்டி அப்படியே நின்றது. காப்பி குவளை நிரம்பி மேசையில் ஓடியது.

"எந்த எமிலின்?"

"உலகத்துல எத்தனை எமிலின் இருக்கு உங்களுக்கு?"

அன்று முழுக்க இவர் அவளுடைய ஒலிநாடாக்களையே மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது. "அந்தத் தொண்டையால பொய் சொல்ல முடியாது மலிட்டா. சுருதி விலகாத ஆளு கட்சி விலகுமா?"

அவ்வளவுதான், ஆள் தலைகீழாக மாறிவிட்டார். எந்தக் கொடியையும் தொடாதவர் எங்கள் வண்டியில் கிண்ணக் கொடியைக் கட்டினார். கோங்குகளை ஏற்றிக்கொண்டு மலை மலையாகப் பிரசாரத்துக்குப் போனார். ஒருநாள் எமிலினே எங்கள் கடைக்கு வந்தாள். என் வயதுதான், ஆனால் என்னைப்போல் இடுப்பு பெருக்கவில்லை. தன் பாட்டே தன்னை வரவேற்பதைக் கேட்டுச் சிரித்தாள். இவர் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருஷமாக ஊருக்கே கருத்துச் சொன்ன மனுஷன் அவளிடம் சொன்னது ஒரே வார்த்தை: "சர்க்கரை?"

அவள் வாசலில் நின்று ஒலிபெருக்கியில் கூட்டத்துக்குச் சொன்னாள்: "ஏணிக் கட்சி எனக்கு மலையளவு குடுத்தாலும் நான் தாவ மாட்டேன். இது என் பாட்டு மேல சத்தியம்."

ஜெயித்தாள். இவர் கடையில் எல்லோருக்கும் இலவசக் காப்பி கொடுத்தார், என்னைக் கேட்காமல்.

இரு கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. யார் ஆட்சி என்று தெரியாமல் ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தது. தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து நேரலை. ஏணிக் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். தன்னிடம் போதுமான ஆட்கள் இருப்பதாகச் சொல்லி, பின்னால் நிற்கிறவர்களைக் காட்டினார். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. கடைசி முகத்தில் நின்றது.

எமிலின். ஏணிக் கட்சியின் பச்சைச் சட்டையில்.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். யாராவது செத்துப்போன தந்தி வந்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "அது அவ இல்ல" என்றார். "அவ மாதிரி வேற ஒருத்தி." பிறகு கேமரா இன்னும் நெருங்கியது. இவர் எழுந்து போய் ஒலிநாடாக்களை எல்லாம் ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினார். ஆனால் எறியவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதை நான்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் சந்தையில் புதுக் கூரையைத் திறந்துவைக்க எமிலின் வந்தாள். பேச்சு முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கினாள். ஒலிவாங்கி சும்மா நின்றது. இவர் எப்போது மேடை ஏறினார் என்று எனக்கே தெரியாது.

'மழைக்கு முன்னே வா' என்பது அவளுடைய பாட்டுகளிலேயே பெரிய பாட்டு. எங்கள் ஊரில் அதைக் கேட்டு அழாத பெண் கிடையாது. இவர் அந்த மெட்டை, ஒரு வளைவு நெளிவு விடாமல், முழுக்க முழுக்கத் தவளைக் குரலில் பாடினார். "க்ரோ க்ரோ க்ரோக், க்ரோ க்ரோ க்ரோக்." சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மீன் விற்கிறவள் தராசின் மேலேயே விழுந்தாள். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். எமிலின் மட்டும் காருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள்.

அவள் போலீசுக்குப் போகவில்லை. எங்கள் ஊர்த்தலைவர் ஒத்தினிடம் போய் சோகிட் கேட்டாள். ஒருவர் மனதைப் புண்படுத்தினால் கோழியோ பன்றியோ அதற்கு மேலோ கொடுத்து ஊரின் சூட்டைத் தணிப்பது எங்கள் வழக்கம். அதுதான் சோகிட். கொடுத்து வாங்கிவிட்டால் விவகாரம் முடிந்தது, அதைத் திருப்பித் தரவும் கூடாது. கொடுக்காவிட்டால் பயிரில் பூச்சி விழும், யாருக்காவது காய்ச்சல் வரும் என்பார்கள்.

ஆள் வந்து சொன்னதும் நான் இவரிடம் ஓடினேன். "இந்தாங்க, ஒரு வரி சொல்லிட்டு வந்துடுங்க. 'தவளைன்னது தப்பு'ன்னு. ஒரு கோழியோட போயிடும். கல்யாணத்த நெனச்சுப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

"கோழி இல்ல, கோழி இறகுகூட குடுக்க மாட்டேன். தவளைய தவளைன்னு சொல்லாம தங்கச்சின்னா சொல்லுவாங்க?"

ஊர்மன்றத்தில் உட்கார இடமில்லை. ஜெஃப்ரின் ஒரு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சிபின் மகள் லோவினோடு முன்வரிசையில் இருந்தார். ஒத்தின் தொண்டையைக் கனைத்தார்.

"பிரிமுஸ், நீ இந்தம்மாவ தவளைன்னு சொன்னியா?"

"சொன்னேன். சொல்லுவேன். அந்தச் சொல்லுக்கு என்கிட்ட அபராதம் கிடையாது, தலைவரே. என்ன வேணா செஞ்சுக்கோங்க."

எமிலின் எழுந்தாள். "தலைவரே, நான் அதுக்கு வரல."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"கட்சி மாறினேன். என்னை தவளைன்னு பத்திரிகையே எழுதுது. என் சொந்த அக்கா சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். இவர் என் பாட்ட கெடுத்துட்டார். இப்ப நான் எங்க போய் அந்தப் பாட்டப் பாடினாலும் ஜனம் சிரிக்குது. போன வாரம் ஒரு சாவு வீட்டுல பாடினேன். அங்கயும் சிரிச்சாங்க." அவள் இவர் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாட்டு எந்தக் கட்சிக்கும் போகலயே. அது என்ன தப்பு பண்ணுச்சு?"

என் புருஷனைப் பார்த்தேன். முகம் காது வரை சிவந்திருந்தது. தொலைக்காட்சியில் அவளைப் பார்த்த அன்றுகூட இப்படி ஆடிப்போகவில்லை. அரசியலில் அவரை அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பார். அவள் பாட்டில் அடித்துவிட்டாள்.

"அது சரி" என்றார் மெதுவாக. "அது நான் பண்ணின தப்புதான்."

ஒத்தினுக்கே நம்ப முடியவில்லை. "அப்ப சோகிட் தர ஒத்துக்கறியா? என்னம்மா கேக்கறீங்க? கோழியா, பன்றியா?"

"அவரே சொல்லட்டும்" என்றாள் எமிலின். "அந்தப் பாட்டுக்கு என்ன மதிப்புன்னு இந்த ஊர்ல அவருக்குத்தான் தெரியும்."

பாவி! எங்கே கைவைக்க வேண்டுமென்று தெரிந்து கைவைத்தாள். கோழி என்று சொல்லுங்கள், கோழி என்று சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் கண்ணை மூடினார். உதடு லேசாக அசைந்தது. அந்தப் பாட்டை முதலிலிருந்து உள்ளே பாடிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாடிப் பார்த்தால் கோழி என்று எப்படி வரும்?

"எருமை" என்றார்.

"ஐயோ!" என்று கத்தினேன். "என் எருமை! யாரக் கேட்டு குடுக்கறீங்க?" ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒத்தின் மேசையைத் தட்டிவிட்டார். தட்டினால் முடிந்தது.

எமிலினுக்கும் அதிர்ச்சிதான். அவளும் பன்றியைத்தான் எதிர்பார்த்திருப்பாள். பிறகு இவரிடம் வந்தாள். "அண்ணா, பையனுக்குக் கல்யாணமாமே. கூலி வேணாம், நான் வந்து பாடறேன். அந்தப் பாட்டையே பாடறேன்."

இதற்காக இந்த மனுஷன் பாதி ஆயுசு கனவு கண்டிருக்கிறார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஆனால் அந்த இன்னோர் அடுப்பும் எரிந்துகொண்டுதானே இருந்தது?

"வாங்க" என்றார். "ஆனா கல்யாணத்தன்னிக்கு எந்தக் கட்சியில இருப்பீங்க?"

மன்றம் வெடித்தது. ஒத்தின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். இவர் தன் பங்குக்கு ஒரு பெரிய சிரிப்புச் சிரித்து, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். எருமை போனாலும் இரண்டு கருத்தும் தோற்கவில்லை என்று அவருக்கு ஒரே பூரிப்பு. எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம்போல் இருந்தது.

சிரிப்பு அடங்கும்போதுதான் கவனித்தேன், முன்வரிசையில் ஒருவர் சிரிக்கவில்லை. சிபின் எழுந்து நின்றார்.

"சம்பந்தி, அந்த எருமை யாரோடது?"

"என்னோடது" என்றார் இவர், இன்னும் சிரிப்பு மாறாமல்.

"எனக்குத் தர்றேன்னு சொன்னீங்க. நான் பல்லப் பிடிச்சுப் பாத்துட்டு, 'என் மருமகன் எருமை'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். என் பொண்ணு அத நம்பி உக்காந்திருக்கு. இப்ப இந்தப் பக்கத்துக்குச் சொன்னத அந்தப் பக்கத்துக்குக் குடுத்துட்டீங்க. ஒரு பாட்டுக்காக மாறிட்டீங்க." சிபின் கத்தவில்லை, அடக்கமாகத்தான் பேசினார். "அந்தம்மா கட்சிய விட்டுச்சு. நீங்க புள்ளைய விட்டீங்க. அப்ப யாரு சம்பந்தி தவளை?"

இவர் முகத்திலிருந்து சிரிப்பு வழிந்து இறங்கியது. ஊரே காத்திருந்தது. அவருக்குப் பதில் இல்லாத கேள்வியை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"எருமை வரட்டும், அப்புறம் தேதி பேசலாம்" என்று சொல்லிவிட்டு சிபின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். லோவின் வாசலில் ஒருமுறை திரும்பி ஜெஃப்ரினைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

எமிலினின் ஆட்கள் எருமையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்தது. காலி மன்றத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

"மலிட்டா" என்றார். "நீ என்ன நெனைக்கற? நான் தவளையா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா" என்றேன்.