திட்டாத ஊர்

துப்பறிவாளர் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். வீட்டைவிட்டு ஓடிய கணவன்மார்களைத் தேடிப் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. பிடிபட்டவன் ஒருவனும் அவரை வாழ்த்தியதில்லை. வீட்டில் காத்திருக்க ஆளில்லாத மனிதர். பாலைவனத்து ஓரத்துச் சின்ன ஊர் என்றாலும், கூப்பிட்டதும் ஒரு பையோடு வந்து இறங்கிவிட்டார்.

கூப்பிட்டவள் ஒரு தையல்காரி. கல்குவாரியில் வேலை பார்த்த அவள் கணவன் வேறொருத்தியோடு ஓடிப்போய் நாலு வருஷமாம்.

"எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க சார். நான் என்ன குறை வச்சேன்னு நேர்ல போய்க் கேக்கணும்," என்றாள்.

டீக்கடை, முடிதிருத்தும் கடை, குவாரி என்று அலைந்தார். வாயில் மணல் நறநறத்தது. ஊர்க்காரர்களுக்கு வாய் நீளம். பஸ் ஓட்டுநரிலிருந்து வெயில்வரை ஒன்றையும் விடாமல் வைதார்கள். ஓடிப்போனவனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நல்ல மனுஷன், பாவம்" என்று குரல் தணிந்துவிடும். லாட்ஜ் அறையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் படுத்து, அதையே யோசித்தார். பெண்டாட்டியைத் தவிக்க விட்டவனைப் பாவம் என்று சொல்லும் ஊரை அவர் கண்டதே இல்லை. செத்தவனைத்தான் ஜனங்கள் திட்டமாட்டார்கள்.

தையல்காரியின் அண்ணன் குவாரியில் மேஸ்திரி. அவனை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"தங்கச்சியை நடுத்தெருவுல விட்டவனை ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க. நான் அடுத்த பஸ்ஸுல போயிடறேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

"பாறை சரிஞ்சு மாப்பிள்ளை உள்ளயே போயிட்டாரு சார். வெளிய தெரிஞ்சா குவாரியை மூடிடுவாங்கன்னு முதலாளி சொன்னாரு. ஊர் மொத்தமும் அதை நம்பித்தானே இருக்கு? நாங்களே மண்ணைத் தள்ளி மூடினோம். பொம்பளைக் கதையைக் கட்டினது நான்தான்."

ஓடிப்போனவன் என்றால் விலாசத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். இதை எந்த வாயால் சொல்வது? ஆனாலும் துப்பறிவாளர் தையல்காரியிடம் போய்ச் சொன்னார்.

தையல் மெஷின் நின்றது.

"அப்போ அவரு என்னை விட்டுட்டுப் போகலையா?"

"இல்லம்மா."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எங்கண்ணனுக்கு?"

"அவருதாம்மா என்கிட்ட சொன்னதே."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மெல்ல மடித்து வைத்தாள்.

"இத்தனை நாளும் அவன் தோள்ல சாஞ்சுதானே சார் அழுதேன். இப்போ இதை யார்கிட்ட போய்ச் சொல்லி அழுவேன்?"