சிவப்புக் கதவு வீடு

வாய்க்கரிசியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள் ரதி. போட மாட்டாளாம். பிணவறையில் பெட்டியை மூட வந்த இரண்டு இத்தாலியர்களும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

"அம்மா, எல்லாரும் பாக்கினம். போடுங்கோ," என்றாள் மகள் கேசிகா.

"அமெரிக்காவிலை இருக்கிறவள் ஆரெண்டு தெரியாமல் போடமாட்டன். கொப்பரின்ரை போனைத் திற."

பெட்டிக்குள் கிடந்த அவள் புருஷன் ஜெயரட்ணம் அமெரிக்க மண்ணை மிதித்தவரே இல்லை. ஆனாலும் நியூ ஜெர்சியில் ஆல்டன்பரி என்றொரு சின்ன ஊரின் சரித்திரம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. முதலில் அப்பிள் தோட்டமாம், பிறகு ரயில் வந்ததாம், உலக யுத்தம் முடிய மரங்களை வெட்டி வரிசையாக வீடு கட்டினார்களாம். யாழ்ப்பாணத்தில் சொந்த மச்சாள் செத்ததற்கே ஒரு வார்த்தை விசாரிக்காத மனுசன்! வேலையால் வந்தால் போனில் அந்தத் தெருக்களைத்தான் பார்ப்பார். ரதி பக்கத்தில் போனால் மூடிவிடுவார். ஒருநாள் நித்திரையில், "சிவத்த கதவு வீடு" என்று வேறு புலம்பினார். கதவுக்குப் பின்னால் ஒருத்தி இல்லாமலா? அன்றிலிருந்து ரதிக்கு வயிறு எரிந்தது.

அப்போது ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நகரத்தின் கால்சாப் பகுதியில் ஜெயரட்ணம் வேலைக்குப் போய்ப் பராமரித்து வந்த கண் தெரியாத எசமானியம்மா, அவர் வாயில் எப்போதும் 'சிஞ்ஞோரா'. கிழவி ரதியின் கையைத் தடவிப் பிடித்து இத்தாலியனில் கதைத்தாள்.

"நான் ஆல்டன்பரியில் பிறந்து வளர்ந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். உன் புருஷன் போனில் தெருப் படங்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி என்னை அந்தத் தெருவெல்லாம் கூட்டிப் போவான். தேவாலய மூலைக்கு வந்துவிட்டோம். அடுத்தது என் வீடு. தினமும் நாளைக்கு, நாளைக்கு என்பான். சிவப்புக் கதவு... அது இன்னும் இருக்கிறதா?"

இதை வாய் திறந்து சொன்னால் என்ன மனுசா! ரதிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கேசிகா போனை நீட்டினாள். அவர் கடைசியாகப் பார்த்த இடம் திறந்தபடி இருந்தது. தேவாலய மூலை, அதற்கடுத்துக் கார்கள் நிறுத்தும் வெட்டவெளி.

"அம்மா, இதிலை வீடு ஒண்டும்..."

"நீ சும்மா இரு," என்ற ரதி கிழவியின் பக்கம் திரும்பி இத்தாலியனில் சொன்னாள். "இருக்கு, சிஞ்ஞோரா. கதவு சிவப்புத்தான்."

"பெயின்ட் உரிந்துவிட்டதா?"

"இல்லை. புதுசா அடிச்சிருக்கினம்."

கிழவி சிரித்தாள். ரதி பெட்டிக்குள் குனிந்து கையை விரித்தாள். அரிசி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. விரலால் தட்டித் தட்டி அவர் வாயில் போட்டாள்.