நாக்கின் கீழே வைக்க வேண்டிய குளிசை

மருந்து கொடுக்கும் யன்னலின் வெளிப்பக்கத்தில் காலை ஏழு மணியிலிருந்தே எண்பது பேர் வெயிலில் நின்றார்கள். உட்பக்கத்தில் புஸ்பராணி ஒருத்திதான். திருகோணமலை நகரில், கடற்கரையோரமாக ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இலவசக் கிளினிக் அது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஆடி மாதம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் இரண்டு மணி லாஞ்சுப் படகைத் தவறவிட்டால் அன்று ஊர் திரும்ப முடியாது. ஏறுமுன் கடற்படையின் சோதனை வேறு. அதனால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் அவசரம்.

அன்னப்பிள்ளையின் முறை வந்தது. கட்டைபறிச்சானில் நான்கு எருமைகள் வைத்துத் தயிர் விற்பவள். ஐம்பத்திரண்டு வயது. கொஞ்ச நாளாக நடந்தால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்திருந்தாள். புஸ்பராணி அவளது மருந்துத் துண்டைப் பார்த்தாள். அதில் டொக்டர் கடைசி வரியில் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போட்டிருந்தார். நாக்குக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்து என்பதற்கு அதுதான் குறி. புஸ்பராணிக்கு அது நன்றாகத் தெரியும். மாத்திரைகள் இருந்த சிறிய கறுத்தப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மிஸ்ஸி, இந்தச் சின்னக் குளிசை எத்தினை நேரம்?"

"நேரக் கணக்கு இல்லை. நெஞ்சு நோகேக்குள்ள ஒண்டு போடுங்கோ."

"சாப்பிட்டிட்டோ, சாப்பிடாமலோ?"

"நோகேக்குள்ள எண்டு சொன்னனானெல்லே? தள்ளுங்கோ அம்மா, பின்னால ஆக்கள் நிக்கினம்."

அன்னப்பிள்ளை தள்ளி நின்றாள். ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டோம் என்ற கூச்சத்தோடு போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு, துறைமுகத்தை நோக்கி நடந்தாள். புஸ்பராணி கெட்டவள் அல்ல. ஓர்ஸ் ஹில்லிலிருந்து இரண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்து, பகல் முழுக்கக் கால் கடுக்க நிற்பவள். ஒருவருக்கு அரை நிமிடம் என்று கைக்கும் வாய்க்கும் பழகிப் போயிருந்தது. அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எருமை கறக்கும்போது அன்னப்பிள்ளைக்கு நெஞ்சு நோவு வந்தது. அன்று இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்திருந்தது. மூதூர் வீதியில் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய கணவர் வேலாப்போடி ஓடிவந்து போத்தலைத் திறந்து ஒரு குளிசையை எடுத்துக் கொடுத்தார். குளிசை போடுவது என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாயில் போட்டுத் தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

நோவு குறையவில்லை. இன்னொன்று விழுங்கினாள். வேலாப்போடி அவளை வண்டிலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலிருந்த இராணுவச் சாவடிக்குப் போனார். பாதை பூட்டியிருந்தது. கைகூப்பி நின்றார். துவக்கோடு நின்ற சிங்களப் பெடியன் கையைக் காட்டி அங்கேயே இருக்கச் சொன்னான். இரண்டு மணித்தியாலம். வண்டிலில் விரித்திருந்த வைக்கோலைக் கையால் பிறாண்டிக்கொண்டு அன்னப்பிள்ளை கிடந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி தாங்க. குளிசை உள்ளுக்கு இறங்கேல்ல போல கிடக்கு" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. பாதை திறந்து மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குச் சொந்தக்காரருக்குச் சொல்ல நகரத்துக்கு வந்த வேலாப்போடி, அந்த வரிசையிலேயே நின்று யன்னலடிக்கு வந்தார். போத்தலை உள்ளே வைத்தார்.

"என்ன ஐயா, முடிஞ்சுதோ?"

"இல்லப் பிள்ள. அவ போயிட்டா. மருந்து மிச்சம் கிடக்கு. குடா தாண்டி மருந்து கொண்டு போறது லேசில்லத்தானே, எறிய மனம் வரல்ல. ஆருக்கும் குடுங்க."

புஸ்பராணி போத்தலைக் கையில் எடுத்தாள். வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "நோவு வரேக்குள்ள இதைப் போட்டவவோ?"

"ஓம். ரெண்டு போட்டவ. ஒரு செம்புத் தண்ணி குடிச்சு விழுங்கினவ. நோவு கேக்கல்லப் பிள்ள."

புஸ்பராணி போத்தலை மேசையில் வைத்தாள். பேசாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் போயிருப்பார். ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவளால் ஏலவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"ஐயா, அது விழுங்கிற மருந்தில்லை. நாக்குக்குக் கீழ வைக்கோணும். அந்த இடத்துத் தோல் மெல்லிசு. கரைஞ்சு நேர இரத்தத்தில சேர்ந்திடும், ரெண்டு மூண்டு நிமிசத்தில வேலை செய்யும். விழுங்கினா வயித்துக்குள்ள போய், ஈரலுக்குப் போய், அங்கேயே முக்கால்வாசியும் அழிஞ்சிடும். எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாம விட்டனான்."

வேலாப்போடி அவள் பக்கம் ஓரடி வைத்தார்.

"அப்ப அவ தப்பியிருப்பாவோ?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது ஐயா. அது உயிரைக் காப்பாத்துற மருந்தில்லை. நோவைக் குறைச்சிருக்கும்."

"ரெண்டு மணித்தியாலம் துடிச்சவ" என்றார். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "சாவடியில நிண்ட பெடியனுக்கு நான் கதைச்சது விளங்கல்ல. அவனில என்ன குறை சொல்ல? அவவும் நீங்களும் ஒரே பாஷைதானே பிள்ள கதைச்ச நீங்க."

லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது. அவர் திரும்பிப் பாராமல் போனார்.

புஸ்பராணி உள்ளே போய் யன்னலடியில் நின்றாள். அடுத்து நின்றவள் கிண்ணியாவிலிருந்து வந்த றம்லா. குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும் காய்ச்சல்காரக் குழந்தை தோளில் கிடந்தது. பின்வழியாக, மலவாயினுள் வைக்கும் மருந்து எழுதியிருந்தது. புஸ்பராணி அதைக் கையில் எடுத்துக் காட்டினாள். "இதை வாயால குடுக்கப்படாது. சத்தி எடுக்கிற பிள்ளைக்கு வாயால குடுத்தா வெளியில வந்திடும். பின்வழியா வைச்சா உள்ளுக்குக் கரைஞ்சு இரத்தத்தில சேரும். வெட்கப்படாதேங்கோ. என்ன செய்யப் போறீங்கள் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

றம்லா தயங்கித் தயங்கிச் சொன்னாள். வரிசையின் பின்னாலிருந்து ஒருவர், "கெதியாக் குடுங்க மிஸ்ஸி, லாஞ்சு போயிடும்!" என்று கத்தினார்.

புஸ்பராணி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"போனாலும் பரவாயில்லை, நில்லுங்கோ. வாயால, மூச்சால, தோலால, நாக்குக்குக் கீழ எண்டு ஒவ்வொரு மருந்துக்கும் உடம்புக்குள்ள போற வழி வேற வேற. வழி தெரியாத ஆளிட்ட மருந்தைக் குடுக்கிறதும் குடுக்காம விடுறதும் ஒண்டுதான். விளங்கும்வரைக்கும் நீங்கள் கேக்கோணும். விளங்கும்வரைக்கும் நான் சொல்லோணும். சொல்லாம விட்டா அது என்ட குற்றம்."