இரண்டாவது கையெழுத்து

அந்த விதியைக் கொண்டுவந்ததே அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். சனிக்கிழமைகளில் பொதுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் குழுவில் தொண்டு செய்தாள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு அறையில் தனியாக இருக்கக் கூடாது, இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும், முடிந்ததும் இருவரும் நோட்டில் கையெழுத்திட வேண்டும். நாலு கண் விதி என்று அதற்குப் பெயரும் வைத்தாள்.

“நீங்கதான் கண்ணாடி போட்டிருக்கீங்களே, நீங்க ஒருத்தரே போதுமே” என்றார் தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். டிரம்பெட் சொல்லிக்கொடுப்பவர் அவர். பதினொரு வருடமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அப்பேர்ப்பட்டவரின் அறையில் போய்க் காவலுக்கு உட்காருவது அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

வெளியே வேலையும் குவிந்து கிடந்தது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்க வேண்டும், மூக்கில் ரத்தம் வந்தவனுக்குப் பஞ்சு தேட வேண்டும், தாமதமாக வரும் பெற்றோரிடம் பல்லைக் காட்ட வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தாள். மூன்றாவது மாதம் பாதியில் எழுந்து போனாள். அதற்கப்புறம் மாதத்தின் முதல் சனிக்கிழமையே வரப்போகும் தேதிகளுக்கெல்லாம் தன் கையெழுத்தை மொத்தமாகப் போட்டு வைத்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகக் கண்டுபிடித்த சாமர்த்தியம். கேட்டால் நம்பிக்கை என்றிருப்பாள். சோம்பல் என்பதுதான் சரியான பெயர்.

தையல்காரியின் மகளுக்கு ஒன்பது வயது. திடீரென்று வகுப்புக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். மூன்று நாள் கழித்துத் தாயிடம் வாய் திறந்தாள். தபால்காரர் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டாராம், யாரிடமும் சொல்லக் கூடாது என்றாராம். தையல்காரி குழுத் தலைவரான பல் டாக்டரிடம் ஓடினாள். அவர் நோட்டைப் புரட்டினார். அந்தத் தேதிக்கு நேரே இரண்டு கையெழுத்து இருந்தது.

கூட்டத்தில் தபால்காரர் கண் கலங்கினார். அந்தம்மா பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார், அவரையே கேளுங்கள் என்றார். கண்ணாடிக்கடைக்காரி எழுந்து நின்று, தான் அங்கே இல்லை, அது முன்கூட்டியே போட்ட கையெழுத்து என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள், பாவம்.

பல் டாக்டர் கோபப்படாமல்தான் கேட்டார். “அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

தையல்காரியோடு போலீஸுக்குப் போனாள். அங்கேயும் அதே கேள்விதான். அதிகாரி நோட்டை நகல் எடுத்துக்கொண்டு, விசாரிக்கிறோம் என்றார். ஐந்து வாரம் ஓடிவிட்டது. குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். தபால்காரரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லி, தோளைத் தட்டி அனுப்பினார்கள். அவர் இன்னமும் அதே தெருக்களில் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அவளால் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட முடியவில்லை.

ஒரு மாலை தையல்காரியின் வீட்டுக்குப் போனாள். தையல்காரி உட்காரச் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. சிறுமி மெஷின் பக்கத்தில் துணுக்குத் துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் இவள் மண்டியிட்டாள்.

“நான் அன்னைக்கு அங்க இல்ல கண்ணு. என்னை மன்னிச்சிடு.”

சிறுமி யோசித்தாள். வந்தவளின் அழுகையைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலும், சமாதானம் சொல்லும் குரலில் பேசினாள்.

“இருந்தீங்கன்னு நோட்டுல எழுதியிருக்காமே, அத்தை. நான்தான் சரியாப் பாக்கல. பாத்திருந்தா உங்ககிட்ட ஓடி வந்திருப்பேன்.”