செய்தி முடியும் வரை தண்ணீர்

1.

இது கவிதையாக இருந்திருக்க வேண்டியது. பத்திரிகைக்காரர் ஒருவர், "சின்ன வயசில் கேட்ட ரேடியோவைப் பற்றி ஒரு கவிதை வேண்டும்" என்றார். கேட்டவர் மேல் தப்பில்லை. சரி என்றவன் மேல்தான். மூன்று வரி எழுதினேன்:

இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரு கம்பி.
ஊர் தன் காதைக்
காயப்போட்டிருந்தது.

என் மனைவி பர்வதம் படித்துவிட்டு, "காது எப்போ நனைஞ்சுது?" என்று கேட்டாள். கவிதை அத்துடன் முடிந்தது. ரேடியோவின் ஏரியல் கம்பி மட்டும் மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மீனாட்சிபுரத்தில் என் சித்தப்பா பஞ்சாபகேசனின் காப்பிக் கடை ஓட்டுக்குள் இறங்குகிறது. அடியில் ரேடியோ. காலம் ஐம்பதுகளின் நடுவில் எங்கேயோ. வருஷம் கேட்காதீர்கள், யாராவது பஞ்சாங்கத்தோடு வந்துவிடுவார்கள்.

2.

முதல் தொடக்கம்: "மேற்கு மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—" வேண்டாம். சூரியன் தானாக இறங்கிக்கொள்ளும்.

இரண்டாவது: "ரேடியோவுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு சிறுவன்—" அந்தச் சிறுவன் நான்தான். அவனை வீட்டுப்பாடம் எழுத அனுப்பிவிட்டேன். அவன் இருந்தால் கதை முழுக்கத் தன்னைப் பற்றியே பேசுவான்.

மூன்றாவது, தேறியது: பழனாத்தாளுக்குச் செய்திகள் மட்டுமே பாத்தியம்.

3.

இதற்கு விளக்கம் வேண்டும்.

ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஊர்ந்து கடைமடைக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும். அங்கே நிலம் உள்ளவர்கள் இரண்டே பேர். பெரிய காடு ஆறுச்சாமிக் கவுண்டருக்கு, ஒட்டினாற்போல் ஒரு துண்டுக் காடு பழனாத்தாளுக்கு. (அந்தப் பக்கத்தில் காடு என்றால் நிலம். புலியை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.) பகலில் என்றால் குச்சி நட்டு நிழலை அளந்து முறை பிரிக்கலாம். சாயங்காலத்தில் குச்சிக்கு ஏது நிழல்? இருவர் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. தண்ணீர் வரும் நாளெல்லாம் வாய்ச்சண்டைதான்.

ரேடியோ வந்ததும் சண்டை ஓய்ந்தது. சித்தப்பா அலறவிடுகிற அலறல் சாலையைத் தாண்டி வயல் வரைக்கும் கேட்கும். இருவரும் கோயில் முன்னால் பேசி முடித்தார்கள்: கிராம நிகழ்ச்சியும் கச்சேரியும் ஆறுச்சாமிக்கு, நடுவில் வரும் செய்தி பழனாத்தாளுக்கு. "செய்திகள்" என்று திருச்சிக் குரல் கேட்டதும் அவள் மடையைத் தன் பக்கம் திருப்புவாள். "செய்திகள் முடிந்தன" என்றதும் அவர் திருப்பிக்கொள்வார்.*

உலக நடப்பு நீண்டுகொண்டே போக வேண்டும் என்று ஊரில் மனசார விரும்பியவள் அவள் ஒருத்திதான். மந்திரிகள் அதிகம் பேசிய நாட்களில் அவளுடைய வரப்போரத்துத் தட்டைப்பயறு வரைக்கும் ஈரம் போகும்.

* நிகழ்ச்சி நிரலை யாரும் சரிபார்க்க வேண்டாம். நானே சரிபார்க்கவில்லை.

4.

பழனாத்தாளின் புருஷன் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் வேலையாக இருந்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பேச்சு. இந்தத் தடவை போட்டிருக்கும் மிளகாய் பிழைத்தால் அவன் மலையிறங்கி வந்து நிலத்தோடு இருப்பான். பிழைக்காவிட்டால் அவள் எருமையை விற்றுவிட்டு மலையேற வேண்டும். அவளுக்கு மலை பிடிக்காது. போய்ப் பார்த்ததில்லை, இருந்தாலும் பிடிக்காது. நாற்று நட்டாயிற்று.

ஆறுச்சாமியை வில்லனாக்கப் பார்த்தேன். மீசை வைத்தேன், முறுக்கவும் சொன்னேன். மனிதர் மீசையை முறுக்கிவிட்டு, பெஞ்சியில் ஊர்ந்த எறும்பை ஊதித் தள்ளிவிட்டுத்தான் உட்கார்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன கொடுமையை எழுதுவது? ஒன்று மட்டும் உண்டு. பேசிய பேச்சில் ஒரு எழுத்துக்கூட நகரமாட்டார். ஆக, வில்லன் வேலை காலியாகவே இருந்தது. பாட்டரி வந்து சேர்ந்துகொண்டது.

5.

கார் பாட்டரியில் ஓடும் ரேடியோ அது. தீர்ந்தால் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்ற வேண்டும். சித்தப்பாவோ சங்கீதப் பித்தர். பாட்டரி இளைக்க ஆரம்பித்ததும், கச்சேரிக்கு மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தி நேரத்தில் ரேடியோவை அணைத்துவைத்தார். தண்ணீர் முறை ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படிப் போயிற்று.

"செய்தியே வரலயே அம்மிணி. வராத செய்திக்குத் தண்ணி எப்பிடி உடறது?" என்றார் ஆறுச்சாமி.

"வந்திருக்குமுங்க மாமா. ஐயரு கேக்க உடலீங்க."

"காதுல கேக்காதது வந்ததாவாது. கோயல்ல அப்பிடித்தான பேசுனோம்?"

அப்படித்தான் பேசியிருந்தார்கள். நாற்று தலையைத் தொங்கப்போட்டது.

அடுத்த முறையன்று காலையில் பழனாத்தாள் காப்பிக் கடைக்குப் பால் கொண்டுவந்தாள். பாத்திரத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"ஏனுங்க சாமி, இன்னிக்குச் செய்தி வெப்பீங்களா?"

"நோக்கு எதுக்காக்கும் செய்தி? டில்லியிலே யாராவது இருக்காளா?"

"காட்டுல மொளகா இருக்குதுங்க."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லிப் புரியவைத்தாள்.

"பாட்டரி தீந்துண்டிருக்கு, கேட்டியா. செய்தி வெச்சா கச்சேரி போயிடும்."

"செய்தி வெக்காட்டிப் பாலு போயிருமுங்க சாமி."

பால் இல்லாத காப்பிக் கடையை சித்தப்பா ஒரு கணம் மனசுக்குள் பார்த்தார். சங்கீதம் தோற்றது.

"கஷ்டகாலம்! கொண்டா இங்கே. வெக்கறேன்."

6.

சாயங்காலம் குரல் வந்தது. "செய்திகள்." பழனாத்தாள் மடையைத் திருப்பினாள். எங்கேயோ ஒரு மந்திரி எதையோ திறந்துவைத்திருந்தார். "அமைச்சர் மேலும் கூறியதாவது—"

[இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானில்லை. பாட்டரி.]

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ரேடியோவையே பார்த்தார்கள். சித்தப்பா அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். தன் காட்டில் நின்றிருந்த ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார். மண்வெட்டியோடு பழனாத்தாளும் பின்னாலேயே வந்தாள்.

"என்னாச்சுங்க சாமி?"

"பாட்டரி செத்துடுத்து."

"அப்பச் செய்தி முடிஞ்சுதுங்களா?"

"அதை நான் எப்படிப் பறையறது? திருச்சியிலே நடந்துண்டிருக்கும்."

ஆறுச்சாமி திரும்பினார். "இத்தன நேரத்துக்கு முடிஞ்சிருக்கும் அம்மிணி. மடையத் திருப்பு."

"மந்திரி இன்னும் பேசீட்டிருக்காருங்க மாமா."

"அவரு பேசி முடிச்சு, சோறுண்டு, பாயப் போட்டிருப்பாரு!"

"முடிஞ்சுதுன்னு உங்க காதுல கேட்டுச்சுங்களா?"

ஆறுச்சாமி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கேக்காதது வந்ததாவாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. முடிஞ்சுதுன்னு அவுங்க ஒரு வார்த்த சொல்லட்டும், நானே வந்து மடையத் திருப்பி உடறனுங்க."

கடையே சிரித்தது. சித்தப்பாவுக்குக் காப்பி புரையேறியது. ஆறுச்சாமி, "மந்திரிய நம்பி மொளகா நட்டவ நீ ஒருத்திதான்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு வாய்க்காலில் வந்த தண்ணீர் முழுக்கப் பழனாத்தாளுக்கு. அடுத்த முறையும் அப்படியே. பாட்டரி பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்பி, அந்தக் குரல் செய்திகளை முடித்து வைக்கிற வரைக்கும் அப்படித்தான்.

7.

இனி முடிவுகள்.

(அ) பாட்டரி நாலாம் நாளே வந்தது. எல்லாம் பழையபடி. நடப்பு இப்படித்தான் இருந்திருக்கும். நடப்பை எழுத நான் எதற்கு?

(ஆ) மழை. வெட்கமாக இருக்கிறது, அடித்துவிட்டேன்.

(இ) இதைத்தான் அடிக்கக் கை வரவில்லை. திராவகம் கொட்டும் என்று பஸ்ஸில் பாட்டரியை ஏற்ற மறுத்தார்கள். பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி பூட்டுகிறவர் ஆறுச்சாமி ஒருவர்தான். தன் முறையை மீட்டுத்தரப் போகும் பாட்டரியை அவரே வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டார். பழனாத்தாள் காட்டோரம் வண்டி நின்றது.

"தேறிக்கிச்சாட்ட இருக்குது?"

"பாதி தேறியிருக்குதுங்க மாமா. இன்னம் ரெண்டு தண்ணி பாஞ்சா வேரூணி நின்னுக்குமுங்க."

"ம்" என்றார். மாடுகள் நடந்தன.

சந்தை முடிந்து, சார்ஜ் போடும் கடை வாசலில் இப்போது நிற்கிறார். கடைக்காரர் சொல்கிறார்: "ஓடற அளவுக்கு ஏத்தீட்டனுங்க கவுண்டரே. இப்பவே எடுத்துக்கறதானாலும் சரி. முழுசா நெறையோணும்னா அடுத்த வாரச் சந்தைக்கு வந்து எடுத்துக்கோங்க. எப்பிடீங்க?"

இதற்கு மேல் நான் எழுதினால் மனசு இளகிவிட்டது என்பீர்கள். அது உண்மை என்பதால்தான் எழுதப் பயமாக இருக்கிறது. ஆறுச்சாமியின் பதிலை நீங்கள் சொல்லிவிடுங்கள். அவசரமில்லை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அங்கே, நீங்கள் சொல்கிற வரைக்கும், மிளகாய்க் காட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது.